பவளத் தொட்டியின் வரவு செலவு

ஒரு கிராம் மீன் தீவனம் என்பது இரண்டு விரல்களுக்கு நடுவே அடங்கும் ஒரு சிட்டிகை. கடல் மீன்களுக்கு விற்கப்படும் உலர் தீவனத்தில் ஏறத்தாழப் பாதி புரதம். புரதத்தின் எடையில் 16 சதவீதம் நைட்ரஜன். அப்படியானால் அந்தச் சிட்டிகைக்குள் 80 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. பாஸ்பரஸ் ஒரு சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அது 10 மில்லிகிராம். வளர்ந்து முடிந்த மீன் இவற்றில் சிறு பங்கையே உடலில் சேர்த்துக்கொள்ளும். மற்றதெல்லாம் செவுள் வழியே அமோனியாவாகவும், சிறுநீராகவும், எச்சமாகவும் தண்ணீருக்கே திரும்பிவிடும். பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். அத்தனையும் மாறி முடிந்தால் கிடைப்பது 354 மில்லிகிராம் நைட்ரேட், 31 மில்லிகிராம் பாஸ்பேட்.

200 லிட்டர் தொட்டியில் இது கரைந்தால் லிட்டருக்கு 1.8 மி.கி. நைட்ரேட்டும் 0.15 மி.கி. பாஸ்பேட்டும் ஏறும். இது ஒரு நாள் கணக்கு. எதுவும் வெளியேறாவிட்டால் மாத முடிவில் நைட்ரேட் 53-ஐயும் பாஸ்பேட் 4.6-ஐயும் தொடும். பவளத்திட்டுகளைச் சூழ்ந்த வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு நீரிலோ நைட்ரேட் பெரும்பாலும் 0.2-க்கும் கீழே, பாஸ்பேட் 0.02-க்கும் கீழே. வீட்டில் பவளம் வளர்ப்பவர்கள் இந்த இரண்டு எண்களோடு ஓயாமல் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

கடல்நீரில் இவை ஏறத்தாழ இல்லை என்பதால், தொட்டியிலும் பூஜ்யமாக்கிவிட்டால் பவளம் செழிக்கும் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். எண்ணற்ற பவளங்கள் மடிந்தது இந்த முடிவால்தான். வரவு செலவுக் கணக்கில் இருப்பு என்று ஒரு வரி உண்டு. சோதனைக் குப்பி காட்டுவது அந்த ஒரு வரியை மட்டுமே. எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்பதை அது சொல்லாது. பவளத்தின் வாழ்வோ இருப்பைவிட அந்த வரவையும் செலவையும்தான் நம்பியிருக்கிறது.

வறிய கடலில் இத்தனை செழிப்பு எப்படி?

சார்லஸ் டார்வின் 1836 ஏப்ரலில் பீகிள் கப்பலில் இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளை அடைந்தார். பவளத்திட்டுகள் உருவாகும் விதம் பற்றிய அவரது நூல் 1842-ல் வெளியானது. சத்தே இல்லாத தெளிந்த நீரின் நடுவே இவ்வளவு உயிர்கள் எப்படி அடர்ந்து வாழ்கின்றன என்ற கேள்வி பிற்காலத்தில் அவர் பெயராலேயே 'டார்வினின் முரண்' என்று அழைக்கப்பட்டது.

விடையின் முதல் பகுதி பவளத்தின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. அதன் திசுவில் சூசாந்தெல்லே எனப்படும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளம் கழிக்கும் அமோனியாவும் பாஸ்பேட்டும் அவற்றுக்கு உரம். அவை ஒளியில் சமைக்கும் சர்க்கரையும் கொழுப்பும் பவளத்துக்கு உணவு. நல்ல வெளிச்சத்தில் வாழும் பவளங்களுக்குத் தேவையான ஆற்றலில் 90 சதவீதம் வரை இப்படியே கிடைத்துவிடுகிறது. கழிவு கடல்நீருக்குள் போவதற்கு முன்பே உடலுக்குள் மறுபடியும் பயன்பட்டுவிடுகிறது.

இரண்டாவது பகுதியை மீன்கள் சொல்கின்றன. கரீபியக் கடலில் ஒருவகை மீன்கள் இரவில் கடற்புல் வெளிகளில் மேய்ந்துவிட்டு, பகலில் கூட்டமாகப் பவளக் கிளைகளின் மேல் வந்து ஓய்வெடுக்கின்றன. ஜூடி மேயரும் சக ஆய்வாளர்களும் 1983-ல் 'சயின்ஸ்' இதழில் இவற்றைப் பற்றி எழுதினார்கள். மீன் கூட்டம் தங்கிய பவளங்களைச் சுற்றி அமோனியம் கூடியிருந்தது. எச்சத்தின் வழியே பாஸ்பரசும் வந்து விழுந்தது. மீன் அண்டாத பவளங்களைவிட அவை வேகமாக வளர்ந்தன. அதே கடல், அதே வறிய நீர். ஆனால் அந்தக் கிளைகளின் மேல் ஒவ்வொரு பகலிலும் உரம் பெய்துகொண்டிருந்தது.

மூன்றாவது பகுதியைக் கடற்பஞ்சுகள் நிரப்புகின்றன. பவளமும் பாசியும் நீரில் கசியவிடும் கரிமப் பொருளைப் பெரும்பாலான விலங்குகளால் உண்ண முடியாது. கடற்பஞ்சுகள் அதை உறிஞ்சி, தங்கள் செல்களை வேகமாகப் புதுப்பித்துப் பழையவற்றை உதிர்க்கின்றன. உதிர்ந்த துகள்களைப் புழுக்களும் நண்டுகளும் தின்கின்றன. ஜாஸ்பர் டி கூய் குழுவினர் 2013-ல் இந்தச் சுழற்சியை விளக்கினார்கள். கடல்நீரில் நைட்ரேட் குறைவாகத் தெரிவதற்குக் காரணம், கிடைத்த மறுகணமே யாரோ ஒருவர் அதை எடுத்துக்கொண்டுவிடுவதுதான்.

ஏறினால் நேர்வது

பாஸ்பேட் அயனி சுண்ணாம்புப் படிகத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். பவளத்தின் எலும்புக்கூடு சுண்ணாம்பு. அளவு மீறிய பாஸ்பேட் அந்தப் படிகம் அடுக்கடுக்காக வளர்வதைத் தடுக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் உள்ள ஒன் ட்ரீ தீவில் கின்சியும் டேவிசும் ஒரு சிறு திட்டின் நீரில் நீண்ட காலம் நைட்ரஜனும் பாஸ்பேட்டும் சேர்த்துப் பார்த்தார்கள். சுண்ணாம்பு படியும் வேகம் பாதிக்கும் மேல் குறைந்தது என்று 1979-ல் அறிவித்தார்கள்.

நைட்ரேட்டின் வேலை வேறு. அது உள்ளே குடியிருக்கும் நுண்பாசிகளைப் பெருக வைக்கிறது. பாசி அடர்த்தி கூடக் கூட, நீலமும் ஊதாவுமாக மின்னிய பவளம் மங்கிப் பழுப்பேறுகிறது. தொட்டியின் பாறைகளில் மயிர்ப்பாசி முளைத்து, பவளத்தின் ஓரங்களை மூடத் தொடங்குகிறது.

அதே ஒன் ட்ரீ தீவில் 1990-களில் 'என்கோர்' என்ற பெரிய சோதனையும் நடந்தது. பல குட்டித் திட்டுகளில் வேண்டுமென்றே உரம் சேர்த்தார்கள். பாசி எல்லாவற்றையும் மூடிவிடும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. இனப்பெருக்கம், வளர்ச்சி போன்றவற்றில்தான் பாதிப்புகள் தெரிந்தன, அவையும் நுட்பமாகவே. உரம் ஏறிய நீர் பவளத்தை உடனே கொன்றுவிடாது என்பது இதன் பாடம். தொட்டி வைத்திருப்பவருக்கு இது நல்ல செய்தி. நைட்ரேட் 40 என்று பார்த்த அன்றே பதற வேண்டியதில்லை, நிதானமாகச் சரிசெய்ய அவகாசம் இருக்கிறது.

வரவைக் குறைத்தல்

முதலில் பார்க்க வேண்டியது தீவனம். மீன்கள் ஒரு நிமிடத்துக்குள் தின்று தீர்க்கும் அளவை மட்டும், நாளுக்கு இரண்டு மூன்று முறையாகப் பிரித்துப் போடலாம். மிச்சம் பாறையிடுக்கில் சென்று சேரக் கூடாது. மீன்களின் எண்ணிக்கையும் இந்தக் கணக்கில்தான் வரும்.

இரண்டாவது, ஆவியாகும் நீருக்குப் பதிலாக ஊற்றும் தண்ணீர். குழாய் நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் நைட்ரேட் இருக்கலாம். ஆவியாகும்போது நீர் மட்டும் போகும், உப்புகள் தங்கும். ஆகவே ஒவ்வொரு வாளியும் இருப்பைக் கூட்டும். ஆர்.ஓ. கருவியோடு அயனி நீக்கும் பிசினும் இணைத்து, டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும் நீரை மட்டுமே ஊற்ற வேண்டும்.

மூன்றாவது, தேங்கிய அழுக்கு. வடிகட்டும் பஞ்சிலும் துணிப்பையிலும் சிக்கிய எச்சத்தை இரண்டு மூன்று நாட்களுக்குள் கழுவி எடுத்தால் அது வெளியேறிய கழிவு. இரண்டு வாரம் அங்கேயே விட்டால் அது அழுகிக் கரைந்து மீண்டும் நீருக்குள் வந்துவிடும்.

செலவின் வழிகள்

தண்ணீர் மாற்றுவது எல்லோருக்கும் தெரிந்த வழி. அதன் வலிமையையும் எல்லையையும் எண்களில் பார்க்கலாம். ஒரே தடவையில் பாதித் தண்ணீரை மாற்றினால் இருப்பும் பாதியாகும். ஆனால் நாம் பார்த்த தொட்டியில் வாரத்துக்கு 12.4 மி.கி. நைட்ரேட் ஏறிக்கொண்டிருக்கிறது. வாரம் 10 சதவீதம் மாற்றுவதை மட்டுமே நம்பினால் நைட்ரேட் உயர்ந்துகொண்டே போய் 124-க்கு அருகில்தான் நிலைகொள்ளும். அந்த அளவில்தான் பத்தில் ஒரு பங்கு என்பது வார வரவுக்குச் சமமாகிறது. தண்ணீர் மாற்றம் அவசரத்துக்கு உதவும், குறைந்துபோன தனிமங்களையும் ஈடுசெய்யும். நாள்தோறும் வரும் வரவை ஈடுகட்ட வேறு வழிகளும் வேண்டும்.

அந்த வழிகளை முதலில் கண்டவர்களில் பலர் வீட்டு ஆர்வலர்கள். இந்தோனேசியாவின் லீ சின் எங் 1961-ல் தன் முறையை ஒரு மீன் வளர்ப்பு இதழில் எழுதினார். கடலிலிருந்து உயிர்களோடு எடுத்த பாறைகள், கடல்நீர், காற்றுக் குமிழிகள், வெளிச்சம். அவ்வளவுதான். துளைகள் நிறைந்த அந்தப் பாறையின் வெளிப்பரப்பில் ஆக்சிஜனோடு வாழும் பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரேட்டாக்கும். ஆக்சிஜன் எட்டாத உட்பகுதியில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்திச் சுவாசிக்கும். மிஞ்சும் நைட்ரஜன் வாயுவாகி நீரை விட்டே போய்விடும். 1980-களில் ழான் ழோபேர் இதையே மணல் படுகையில் செய்து காட்டினார். மணலுக்கு அடியில் நீர் மட்டும் நிற்கும் இடைவெளி ஒன்றை விட்டு, ஆக்சிஜன் குறைந்த அடுக்கை நிலையாக வைத்திருந்தார்.

பெர்லின் ஆர்வலர்கள் உயிர்ப்பாறையோடு புரோட்டீன் ஸ்கிம்மரைச் சேர்த்தார்கள். பீட்டர் வில்கன்ஸ், டீட்ரிச் ஸ்டியூபர் ஆகியோரின் பெயர்கள் இந்த முறையோடு சேர்ந்தே பேசப்படுகின்றன. ஸ்கிம்மர் உயரமான ஒரு குழாய். அதற்குள் மாவு போன்ற நுண்குமிழிகள் பால் வெண்மையாகச் சுழன்று மேலேறும். புரத மூலக்கூற்றின் ஒரு முனை நீரை விரும்பும், மறு முனை நீரை வெறுக்கும். வெறுக்கும் முனை குமிழிக்குள்ளிருக்கும் காற்றைப் பார்த்துத் திரும்பி அதன் தோலில் ஒட்டிக்கொள்ளும். குமிழிகள் கழுத்தில் நெருங்கி நுரையாகி, மேலே உள்ள கிண்ணத்தில் கரும்பச்சைச் சாறாக வடியும். மூடியைத் திறந்தால் குடலைப் பிடுங்கும் நாற்றம். ஆனால் அந்தச் சாறு முழுவதும் நைட்ரேட்டாக மாறாமலேயே வெளியேறிய கழிவு. கரைந்துவிட்ட நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஸ்கிம்மரால் பிடிக்க முடியாது. மாறுவதற்கு முன் பிடிப்பதே அதன் பணி.

பாசியை எதிரியாகப் பார்க்காமல் வேலைக்கு அமர்த்தியவர் ஸ்மித்சோனியனின் வால்ட்டர் ஏடி. கண்ணாடிக்குள் பாசி வரக் கூடாது என்றால், அதற்கென்று தனி இடமும் வெளிச்சமும் கொடுத்து அங்கே வளர்த்து அறுவடை செய்யலாம் என்று காட்டினார். இன்று வீட்டுத் தொட்டிகளின் கீழே இருக்கும் சம்ப்பில் கீட்டோமார்ஃபா என்ற நூற்பாசியைப் பந்தாகச் சுழலவிடுகிறார்கள். மேல்தொட்டி இருளும் நேரத்தில் கீழே விளக்கெரிய விட்டால் இரவில் நீரின் பி.எச். சரிவதும் குறையும். காலெர்ப்பா என்ற பாசி வகைகளில் கவனம் தேவை. அவை திடீரென்று இனச்செல்களை வெளியேற்றி, பிடித்துவைத்த சத்து மொத்தத்தையும் ஒரே இரவில் நீரிலேயே கொட்டிவிடக்கூடும். எந்தப் பாசியானாலும் பிடுங்கி வெளியே எடுத்தால் மட்டுமே செலவு. பந்து பெரிதாகிக்கொண்டே போவதை ரசித்துவிட்டு விட்டுவைத்தால், அடிப்பகுதி அழுகி வரவில்தான் சேரும்.

பாக்டீரியாவுக்குப் பசி ஏற்படுத்துதல்

தொட்டி நீரில் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுந்திருந்தும் பாக்டீரியாக்கள் பெருகாமல் இருப்பதற்கு, எளிதில் செரிக்கும் கார்பன் போதாததே காரணம். வோட்காவோ வினிகரோ சில துளிகள் விட்டால் அந்தக் குறை தீரும். பெருகிய பாக்டீரியாக்கள் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உடலுக்குள் எடுத்துக்கொள்ளும். ஸ்கிம்மர் அந்தப் பாக்டீரியாக்களையே நுரையில் ஏற்றி வெளியேற்றும். 100 லிட்டருக்கு நாளொன்றுக்கு 0.1 மி.லி. வோட்கா என்று தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல ஏற்றுவது வழக்கம். 5 சதவீத வினிகர் என்றால் அதே கார்பனுக்குச் சுமார் எட்டு மடங்கு வேண்டும். அவசரப்பட்டு அளவைக் கூட்டினால் நீர் வெண்மேகமாகக் கலங்கும். பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தின்று தீர்க்க, விடிவதற்குள் மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். வலுவான ஸ்கிம்மர் இல்லாத தொட்டியில் இந்த வழியில் இறங்கவே கூடாது.

இங்கே ஒரு விகிதம் குறுக்கே வருகிறது. கடல் மிதவை உயிர்களில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குச் சுமார் 16 நைட்ரஜன் அணுக்கள் இருப்பதை அமெரிக்கக் கடலியலாளர் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் கண்டறிந்தார். நைட்ரேட், பாஸ்பேட் எடையில் சொன்னால் ஏறத்தாழ 10-க்கு 1. நாம் போட்ட தீவனத்தின் விகிதமும் 354-க்கு 31, அதாவது ஏறக்குறைய அதுவே. ஆக, உயிர்கள் இரண்டையும் ஏறத்தாழ இப்படியொரு விகிதத்தில்தான் வாங்கும். நைட்ரேட் 40, பாஸ்பேட் 0.1 உள்ள தொட்டியில் வோட்கா விட்டால், நைட்ரேட் ஒன்றிரண்டு புள்ளி இறங்குவதற்குள் பாஸ்பேட் தீர்ந்துபோய் வளர்ச்சி நின்றுவிடக்கூடும். நைட்ரேட் பூஜ்யமாகவும் பாஸ்பேட் 0.5 ஆகவும் இருந்தால் பாசிப்பந்துகூட வளராது. சற்றே சோடியம் நைட்ரேட் சேர்த்தால்தான் பாஸ்பேட் இறங்கத் தொடங்கும். குறைக்க நினைப்பவர் ஒன்றைச் சேர்ப்பது விந்தையாகத் தோன்றலாம், ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

விகிதம் இப்படிக் கோணலாவது ஏன்? பாறைக்குள் வாழும் பாக்டீரியா நைட்ரஜனை மட்டும் வாயுவாக்கி அனுப்புகிறது. பாஸ்பேட்டுக்கு அப்படி வாயுவாகிப் பறக்கும் வழி இல்லை. அது பாறையில்தான் ஒதுங்கும்.

பாறையில் ஒதுங்கிய பாஸ்பேட்

பாஸ்பேட்டை மட்டும் பிடிக்க இரும்பு ஆக்சைடு மணிகள் உண்டு. குடிநீரிலிருந்து ஆர்சனிக்கை நீக்கவும் இவையே பயன்படுகின்றன. தனிம அட்டவணையில் பாஸ்பரசுக்கு நேர் கீழே இருப்பது ஆர்சனிக். ஆர்சனேட், பாஸ்பேட் இரண்டும் ஒரே வடிவம், ஒரே குணம். ஆர்சனிக்கைப் பிடிக்கும் இரும்பு பாஸ்பேட்டையும் பிடிக்கும்.

பழைய தொட்டிகளில் இதைப் போட்ட பலரும் ஏமாந்ததாக உணர்வார்கள். இரண்டே நாளில் பாஸ்பேட் சரசரவென இறங்கும். அடுத்த வாரம் பழைய அளவை நோக்கி ஏறிவிடும். மணிகள் போலி என்று தோன்றும். உண்மையில் ஆண்டுக்கணக்காகச் சுண்ணாம்புப் பாறையிலும் மணலிலும் ஒட்டியிருந்த பாஸ்பேட், நீரில் அளவு குறைந்ததும் கழன்று வருகிறது. பாறை காலியாகும் வரை மணிகளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாதங்கள் ஆகலாம். லாந்தனம் குளோரைடு இன்னும் வேகமானது. பாஸ்பேட்டை நுண்தூளாக வீழ்படியச் செய்துவிடும். அந்தத் தூளை மிக நுண்ணிய வடிகட்டிப் பையில் பிடிக்காவிட்டால் மீன்களின் செவுளில் போய்ச் சேரும். டேங் வகை மீன்கள் இதனால் இறந்ததாக வளர்ப்பாளர்கள் பலர் பதிவுசெய்திருக்கிறார்கள்.

அளவெடுக்கும்போது

பாஸ்பேட் சோதனையில் மாலிப்டினம் சேர்மம் நீல நிறம் தரும். 0.03 அளவில் அந்த நீலம் வெறுங்கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. குப்பியைக் குனிந்து பார்த்து 'பூஜ்யம்' என்று எழுதிக்கொள்வதைவிட, ஒளியை அளக்கும் சிறு மின்னணு மீட்டர் நம்பகமானது. சில மீட்டர்கள் பாஸ்பரசை நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அலகில், அதாவது லிட்டருக்கு மைக்ரோகிராமில் காட்டும். பாஸ்பேட்டாக்க 3.07-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். மீட்டர் 10 என்றால் பாஸ்பேட் 0.03. நைட்ரேட் சோதனை, நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாக மாற்றிப் பிறகே இளஞ்சிவப்பு நிறம் தருகிறது. புதிய தொட்டியில் ஏற்கெனவே நைட்ரைட் இருந்தால் நைட்ரேட் கூடுதலாகத் தெரியும்.

பூஜ்யத்தின் ஆபத்து

இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மான் குழுவினர் தொட்டிகளில் பவளம் வளர்த்து ஆராய்கிறார்கள். அவர்கள் 2013-ல் வெளியிட்ட முடிவு தொட்டி வளர்ப்பாளர்களின் எண்ணத்தையே மாற்றியது. நைட்ரேட் மிகுந்து பாஸ்பேட் வற்றிய நீரில், உள்ளிருக்கும் நுண்பாசி வளரத் துடிக்கிறது. ஆனால் செல்சவ்வு கட்டத் தேவையான பாஸ்பரஸ் இல்லை. பாஸ்பரஸ் கொழுப்புக்குப் பதிலாகக் கந்தகக் கொழுப்பை வைத்துச் சமாளிக்கிறது. அப்படிப்பட்ட பவளம் வெப்பமும் ஒளியும் சற்றே ஏறினாலும் வெளிறிப்போகிறது. பாஸ்பேட்டை மட்டும் ஒரேயடியாகத் துடைத்தெடுப்பவர் தன் தொட்டியில் நிகழ்த்துவது இதைத்தான்.

இரண்டும் பூஜ்யமானால் வேறொரு துன்பம். போட்டியிடும் பாசிகளும் பாக்டீரியாக்களும் பட்டினியில் ஒடுங்க, டைனோஃபிளாஜெல்லேட் எனும் நுண்ணுயிர்கள் குமிழி கோத்த பழுப்புச் சளியாகப் பாறைகளில் பரவும். இதைக் கண்டு இன்னும் தீவிரமாகச் சுத்தம் செய்பவர் நிலைமையை மோசமாக்குகிறார்.

கடலின் பவளத்துக்கு நாள் முழுவதும் மிதவை உயிர்களும் மீன் எச்சமும் வந்துகொண்டே இருக்கின்றன. இருப்பு பூஜ்யத்துக்கு அருகில், ஆனால் வரவு ஓயாதது. கண்ணாடித் தொட்டியில் அந்த ஓயாத வரவு கிடையாது. அதனால்தான் நைட்ரேட் 2 முதல் 10 வரை, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை என்று சிறிது இருப்பு வைத்துக்கொள்வதை அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் விரும்புகிறார்கள். மீன்களுக்கு நன்றாக உணவிட்டு, அதே வேகத்தில் கழிவை வெளியேற்றும் தொட்டியே கடலுக்கு அருகில் நிற்கிறது. பட்டினி போட்டு எண்ணைக் குறைத்த தொட்டி அப்படியல்ல.

ஆகவே உயர்ந்த அளவுகளோடு தவிப்பவருக்குச் செயல்வரிசை இது. முதலில் இரண்டையும் நல்ல கருவியால் அளந்து, விகிதம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு வரவின் ஓட்டைகளை அடைக்க வேண்டும். அடுத்து ஸ்கிம்மரும் பாசிப்பந்தும். அவை போதாதபோது கார்பன் அல்லது இரும்பு மணிகள், சிபாரிசு செய்யப்பட்ட அளவில் கால் பங்கில் தொடங்கி. ஒரே வாரத்தில் இரண்டு மாற்றங்கள் கூடாது, எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும். காரத்தன்மையை நிலையாக வைத்துக்கொள்ள வேண்டும். சத்து குறையும் காலத்தில் அது எகிறினால் கிளைப்பவளங்களின் நுனி கருகுவதைப் பலரும் கண்டிருக்கிறார்கள்.

இந்தியாவில் கல்பவளங்களும் கருப்புப் பவளங்களும் கடல்விசிறிகளும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவிலிருந்து பவளத்தை எடுப்பது குற்றம். அங்குள்ள 21 தீவுகளைச் சுற்றிய பவளங்களுக்கு நாம் தொட்டி கட்ட வேண்டியதில்லை. அவற்றின் வரவு செலவைக் கெடுக்காமல் இருந்தால் போதும். கரையோர ஊர்களிலிருந்து கடலுக்குள் இறங்கும் ஒவ்வொரு கழிவுநீர்க் கால்வாயும் அவற்றின் வரவுதான். அங்கே ஸ்கிம்மரும் இல்லை, இரும்பு மணிகளும் இல்லை.

ஹவாயின் கனேயோஹே விரிகுடாவில் பல ஆண்டுகள் ஊர்க் கழிவுநீர் கலந்தது. குமிழ்ப்பாசி ஒன்று பவளங்களை மெத்தையாக மூடியது. 1977, 78-ல் கழிவுக் குழாய்களை ஆழ்கடலுக்குத் திருப்பினார்கள். சில ஆண்டுகளில் நீர் தெளிந்தது, பல இடங்களில் பவளம் மீண்டது. ஆனாலும் சில திட்டுகளில் அந்தப் பாசி மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் கிடந்தது. குழாயைத் திருப்பச் சில மாதங்கள் போதும், ஊறியது வெளியேற ஒரு தலைமுறை ஆகும். கடலிலும் தொட்டியிலும் மிகையான வரவை முதலில் நிறுத்த வேண்டும் என்று வலியுறுத்துவதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.